மதிலுக்கு வந்த தேமல்

எங்கள் குடியிருப்பின் படிக்கட்டுச் சுவரில் இருந்த ஒரு ஆரஞ்சுத் திட்டை உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்து நான் வாரக்கணக்கில் ஆராய்ந்திருக்கிறேன். விரலால் தொட்டுப் பார்த்தேன். மோந்தும் பார்த்தேன். ஐரோப்பியக் கல்லறைகளிலும் ஓட்டுக் கூரைகளிலும் படர்கிற சாதாரண ஆரஞ்சு லைக்கன் வளசரவாக்கத்துக்கு வந்துவிட்டது என்று முடிவு கட்டினேன். குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் எழுந்து, அந்தச் சுவருக்கு வெள்ளையடிக்கக் கூடாது என்று உரையும் நிகழ்த்தினேன். பூஞ்சையும் பாசியும் சேர்ந்து குடித்தனம் நடத்தும் அதிசய உயிர் அது, நாம் அதன் அண்டை வீட்டுக்காரர்கள் என்றெல்லாம் சொன்னேன். சங்கப் பொருளாளர், ஓய்வுபெற்ற வங்கி மேலாளர், கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "சார், மன்னிக்கணும். அது நான் துப்பினது" என்றார். வெற்றிலை போடுவதை அவர் வீட்டுக்குத் தெரியாமல் வைத்திருந்தார்.

என் மூக்கு அதன்பிறகு பழைய மூக்காக இல்லை.

அதற்குள் அந்தத் திட்டைப் படமெடுத்து இணையத்தில் லைக்கன் ஆர்வலர்கள் குழுவொன்றில் போட்டுத் தொலைத்திருந்தேன். உலகம் நாகரிகமாக மௌனம் காத்தது. ஒரே ஒரு பதில் மட்டக்களப்பிலிருந்து வந்தது. எழுதியவர் மேகலா, பள்ளிக்கூடத்தில் உயிரியல் ஆசிரியை. "ஐயா, இது வெத்திலைத் துப்பல் மாதிரிக் கிடக்கு. உண்மையானதப் பாக்க விருப்பமெண்டா எங்கட ஊருக்கு வாங்க. கோயில் மதிலில நிறையக் கிடக்கு." அவமானத்தில் இருப்பவன் எந்த அழைப்பையும் ஏற்பான். ஏற்றேன்.

கொழும்பிலிருந்து மட்டக்களப்புக்குப் போகும் ரயில் காட்டுக்குள் நின்றுவிட்டது. தண்டவாளத்தில் யானை. எங்கள் ஊரில் சிக்னல் கிடைக்காமல் ரயில் நின்றால் பயணிகள் ரயில்வே துறையின் மூன்று தலைமுறையைத் திட்டுவார்கள். இங்கே எல்லோரும் நிம்மதியாகச் சோற்றுப் பொதியைப் பிரித்தார்கள். எதிரே இருந்த சிங்களப் பெண்மணி எனக்கும் ஒரு கை சோறும் சம்பலும் தந்தார். ஒரு வாய் வைத்தேன். கண்ணிலிருந்து நீர் கொட்டியது, காது அடைத்தது, சென்னையில் கட்டாமல் விட்ட மின்கட்டணம் நினைவுக்கு வந்தது. அந்த அம்மாள் கணவரிடம் ஏதோ சொல்ல, பெட்டியே சிரித்தது. பக்கத்திலிருந்த ஏறாவூர் வியாபாரி எனக்கு மொழிபெயர்த்தார்: "பாவம், யானைக்குப் பயந்து அழுறார் எண்டு சொல்லுறா."

மட்டக்களப்பில் இறங்கி ஆட்டோ பிடித்தேன். ஓட்டியவர் காத்தான்குடிக்காரர், றிஸ்வான். கல்லடிப் பாலத்தில் ஏறும்போது எதற்கு வந்தேன் என்று கேட்டார். சொன்னேன். வண்டியை ஓரங்கட்டிவிட்டு முழுதாகத் திரும்பிப் பார்த்தார்.

"மதில் பாக்கவா? இந்தியாவில இரிந்தா?"

"மதிலில் படர்ந்திருப்பதைப் பார்க்க."

"சேர், எங்கட ஊருல மதிலுக்குப் பஞ்சமில்ல. சொல்லியிரிந்தா எங்கட மாமியார்ட மதிலக் காட்டியிரிப்பேனே. அவக்கு முன்னால ஒரு உசிரும் படராது."

காத்தான்குடி நடுத்தெருவில் வரிசையாகப் பேரீச்ச மரங்கள். அரபு நாட்டில் இறங்கிவிட்டேனோ என்று திகைத்துக்கொண்டிருந்தபோது கிளட்ச் வயர் அறுந்தது. றிஸ்வான் அலட்டிக்கொள்ளவில்லை. பின்னால் வந்த தயிர் வேனைக் கைகாட்டி நிறுத்தி, சொந்தக்காரரை ஏற்றுவது மாதிரி என்னை ஏற்றிவிட்டார். மீதித் தூரத்தை மடியில் ஒரு எருமைத் தயிர்ச் சட்டியோடு கடந்தேன். "ஆடாம இருங்க ஐயா, ஆடினா மோராகிடும்" என்று வேன்காரர் வழி முழுக்க எச்சரித்துக்கொண்டே வந்தார்.

குருக்கள்மடத்துக்குத் தெற்கே, வாவிக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு ஊர். பெயரைச் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். ஏன் என்பது போகப்போகப் புரியும். வாசலில் மேகலாவும் அவர் கணவர் நேசனும் நின்றார்கள். வீடு அழகாக இருக்கிறது என்று நேசனைப் பாராட்டினேன்.

"அத இவவிட்டச் சொல்லுங்க. வீடு இவட. நான் இஞ்ச கலியாணம் முடிச்சு வந்து குந்தியிருக்கிற ஆள்."

வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். இல்லையாம். இந்தப் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான் எழுதப்படும். மாப்பிள்ளை பெட்டியோடு வந்து சேரவேண்டும். தமிழர், முஸ்லிம் இரண்டு பேர் வீட்டிலும் இதுதான் வழக்கம். வீட்டுக் கடன் முழுவதையும் என் பெயரில் சுமந்து திரிகிற எனக்கு அன்றைய இரண்டாவது பேரதிர்ச்சி அது.

இரவு சிவப்பரிசிச் சோறு, நண்டுக் கறி, முருங்கையிலைச் சுண்டல், நான் மடியில் சுமந்து வந்த அதே ஜாதித் தயிர். என் அறிவையும் காட்டவேண்டுமே என்று, எங்கள் ஊர்ப் பிரியாணியில் போடும் கல்பாசியும் ஒரு லைக்கன்தான் என்றேன். மேகலாவின் கை நண்டுக் காலோடு அந்தரத்தில் நின்றது.

"திண்ணுறீங்களா?"

"வாசனைக்கு."

"ஐயோ கடவுளே! நான் தொடவே பயந்து பயந்து அளக்கிறன். நீங்க கறிக்குப் போடுறீங்க."

பிறகு அவர் என் அறிவைச் சரிசெய்தார். நான் புத்தகத்தில் பார்த்த சாதாரண ஆரஞ்சு லைக்கன் இங்கே கிடையாதாம். "அது குளிர் ஊர் ஆள், ஐயா. எங்கட மதிலில கிடக்கிறது அவன்ட ஒண்டவிட்ட சகோதரம்." கடல் கடந்து பார்க்க வந்தவர் ஊரில் இல்லை, சித்தப்பா மகன்தான் இருக்கிறார் என்று ஆகிவிட்டது. ஆனால் குடும்பக் குணம் ஒன்றுதானாம். சுண்ணாம்புக் கல் பிடிக்கும். வெயில் பிடிக்கும். உப்புக் காற்றுக்கு அசராது. எல்லாவற்றையும்விடப் பறவை எச்சம் பிடிக்கும். காகமும் நீர்க்காகமும் உட்காரும் இடமாகப் பார்த்துப் படரும். அந்த ஆரஞ்சு நிறம் பூஞ்சை தயாரிக்கும் சாயம். உள்ளே இருக்கும் பாசி வெயிலில் வெந்துபோகாமல் பிடிக்கிற குடை அது. நிழலில் கிடந்தால் சாயம் குறைந்து சாம்பல் பச்சையாகிவிடும்.

"குளிர் ஊர் ஆளை ஒரு சின்னப் பூச்சி திண்ணுமாம், ஐயா. திண்டது வெளியில வரக்குள்ள பூஞ்சையும் பாசியும் ரெண்டும் உசிரோட வருமாம். விழுந்த இடத்தில மறுகா குடும்பம் நடத்துமாம்."

நண்டைத் தட்டிலேயே வைத்தேன்.

மேகலாவுக்கு இது பொழுதுபோக்கு அல்ல. கோயில் மதிலில் குறிப்பிட்ட சில திட்டுகளைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு வருடமும் மழைக்காலம் முடிந்ததும் கண்ணாடித்தாளை அவற்றின்மேல் வைத்து விளிம்பை அப்படியே வரைந்து வருகிறார். பல்கலைக்கழகத்தில் மேற்படிப்பு ஆய்வு. தொடங்கியபோது மகன் பாலர் வகுப்பில் இருந்தானாம். இப்போது அவனுக்கு மீசை அரும்புகிறது. இத்தனை காலத்தில் திட்டு வளர்ந்தது நகத்தின் கனத்துக்குக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். வாவியோரத்து வெக்கையில் இது எவ்வளவு மெதுவாக வளரும் என்று இந்தப் பக்கத்தில் யாரும் இவ்வளவு காலம் பொறுமையாக அளந்ததில்லை என்றார். இன்னும் ஒரே ஒரு முறை வரைந்தால் வேலை முடியும், பட்டம் கிடைக்கும். போன மாதமே வரைந்திருக்கவேண்டியது.

"நீங்க வாறீங்க எண்டு விட்டு வச்சன். சேந்து எடுப்பம்."

என் வாழ்க்கையில் எனக்காக யாரும் எதையும் ஒத்திப்போட்டதில்லை. கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

அப்போது மேகலாவின் தாய்மாமன் வந்தார். கோயிலுக்கு அவர்தான் வண்ணக்கர், நம் ஊர்க் கணக்கில் தர்மகர்த்தா. வெள்ளை வேட்டி, வெள்ளை மீசை. என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஐயா என்ன அலுவலா வந்த நீங்க?"

"உங்கள் கோயில் மதிலைப் பார்க்க."

"வேற ஒண்டுக்கும் இல்லையா?"

"மதில் மட்டும்தான்" என்றேன், விஞ்ஞானிக்குரிய கண்டிப்போடு.

அவர் முகம் மாறியது. மருமகளை ஒரு பார்வை பார்த்தார். தேநீரைக்கூடக் குடிக்கவில்லை. "நாளைக்குப் பாசிக்குடாப் பக்கம் போய்த்து வாங்க ஐயா. மதில் எங்க ஓடப்போகுது?" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். என்ன விருந்தோம்பல் என்று வியந்தேன்.

மறுநாள் மேகலாவுக்குப் பள்ளியில் பரீட்சை வேலை. நேசன் என்னைப் பேருந்தில் பாசிக்குடாவுக்குக் கூட்டிப்போனார். கடலில் இறங்கி நடந்தேன். நடந்தேன். இன்னும் நடந்தேன். தண்ணீர் முழங்காலைத் தாண்டவில்லை. திரும்பிப் பார்த்தால் கரையில் நேசன் புள்ளியாகத் தெரிந்தார். மெரினாவில் இவ்வளவு தூரம் போயிருந்தால் மறுநாள் செய்தித்தாளில் வந்திருப்பேன். இங்கே ஒரு வெள்ளைக்கார அம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து புத்தகம் வாசித்துக்கொண்டிருந்தார், கடலுக்குள்.

திரும்பும்போது ஓட்டமாவடியில் பேருந்து தண்ணீர் இல்லாமல் கொதித்து நின்றது. எல்லோரும் இறங்கிக் கொத்து ரொட்டி சாப்பிட்டோம். கொத்துகிற சத்தத்தில் நேசனின் கைபேசி அடித்தது கேட்கவில்லை. மூன்றாம் முறை எடுத்தார். வண்ணக்கர்.

"இப்ப எங்க நிக்கிறீங்க மனே?"

"ஓட்டமாவடி, மாமா. பஸ் பழுதாப் போய்த்து."

"நல்லது நல்லது. அவசரப்படாதீங்க. ஆறுதலா வாங்க."

பஸ் பழுதானதற்கு ஒரு மனிதர் சந்தோஷப்படுவதை அன்றுதான் பார்த்தேன். "மாமா இண்டைக்கு ஒரு மாதிரி" என்று நேசன் தலையைச் சொறிந்தார்.

மூன்றாம் நாள் காலை மேகலாவும் நேசனும் நானுமாகக் கோயிலுக்குப் போனோம். மேகலாவின் கையில் புதுக் கண்ணாடித்தாள் சுருள். என் கழுத்தில் உருப்பெருக்கி. தென்னந்தோப்பைத் தாண்டியதும் வாவி தெரிந்தது. அதன் கரையில் மதிலும் தெரிந்தது.

வெளிச்சத்தில் கண் கூசியது.

மதிலில் ஆரஞ்சு இல்லை. கருப்பு, பச்சை, சாம்பல், ஒன்றும் இல்லை. கடற்கல்லும் பழைய சுண்ணாம்பும் அன்றுதான் பிறந்ததுபோல் பளபளத்தன. மூலைக்கு மூலை வாழை கட்டியிருந்தார்கள். ஊரே நின்றது. முன்னால் வண்ணக்கர், கையில் எனக்கு மாலை. ஓரமாகக் கரைத்துவைத்த சுண்ணாம்பு வாளிகள்.

"பாருங்க ஐயா! ஒரு பொட்டு அழுக்கு கண்டுபிடிங்க பாப்பம்!"

நான் மேகலாவைப் பார்த்தேன். ஒரு மனிதரின் முகம் நிறம் மாறாமல், அசையாமல், அப்படியே காலியாவதை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. கண்ணாடித்தாள் சுருள் கையிலிருந்து நழுவி மணலில் உருண்டது. நேசன் ஓடிப்போய் அதை எடுத்தார், அதுதான் இப்போது முக்கியம் என்பதுபோல.

"மாமா, இதை யார் செய்யச் சொன்ன?"

"நீதானே புள்ள சொன்ன நீ!"

"நானா?"

"வாயால சொல்லயில்ல. வருஷா வருஷம் தாளக் கொண்டுவந்து அழுக்க அளந்து அளந்து கொண்டுபோன நீ. இந்த வருஷம் இவ்வளவு, போன வருஷம் அவ்வளவு எண்டு. கோயிலச் சரியாப் பாக்கல எண்டு கணக்கெடுக்கிறாள் எண்டு எங்களுக்கு விளங்காதா? சொந்த மருமகள், வாயத் திறந்து கேக்க வெக்கம். இப்ப இந்தியாவில இருந்து ஆளக் கூட்டி வந்திட்ட. இனியும் சும்மா கிடக்கலாமா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் சோதனை அதிகாரி. மதில் மட்டும்தான் என்று கண்டிப்பாகச் சொன்ன அதிகாரி.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. இந்தக் கோயிலில் ஊரிலுள்ள ஒவ்வொரு குடிக்கும், அதாவது தாய்வழிக் குலத்துக்கும், தனித்தனித் திருவிழா நாள், தனித்தனி உரிமை. ஒரு குடி தொட்டதை இன்னொரு குடி தொடாது. நேற்று மட்டும், வெளியூர்க்காரன் முன்னால் மானம் போகக்கூடாது என்று எல்லாக் குடியும் சேர்ந்து மதிலைத் தேய்த்திருக்கிறார்கள். "என்ட வயசுக்கு இப்பிடி ஒத்துமையக் கண்டதில்ல" என்று வண்ணக்கர் கலங்கிய கண்ணோடு சொன்னார்.

மேகலா மணலில் உட்கார்ந்துவிட்டார். ஒருத்தி தண்ணீர் கொண்டுவந்தாள். "என்னகா, மயக்கமா?" மேகலா குடிக்கவில்லை. மெல்லிய குரலில், "நான் ஒருநாளும் சொல்லயில்ல. ஒருத்தரும் கேக்கயில்ல, நானும் சொல்லயில்ல" என்றார், யாருக்கும் இல்லாமல்.

இளைஞர்கள் வாளியைத் தூக்கினார்கள். அதைக் கண்டதும் எழுந்தார்.

"சுண்ணாம்பு அடிக்காதீங்க!"

"ஏன் புள்ள? தேச்ச மதில வெறுமையா விடுறதா? கோயில் சடங்கு வருது."

பிறகு அவர் பேசினார், இத்தனை வருடம் பேசாததையெல்லாம். அது அழுக்கில்லை, உசிர். ஒன்றில்லை, இரண்டு உசிர். பூஞ்சை வீடு கட்டும், பாசி உள்ளே இருந்து வெயிலில் சமைக்கும். ஒன்று இல்லாமல் மற்றது அந்தக் கல்லில் பிழைக்காது.

கூட்டத்திலிருந்து ஒரு பெண், "அப்ப வீடு ஆம்பிளைட பேரிலயா கிடக்கு?" என்றாள்.

"யாருட பேரில எண்டாலும், சமைக்கிறது நாங்கதான் எண்டு விளங்குது" என்றாள் இன்னொருத்தி. சிரிப்பு எழுந்தது. மேகலா மட்டும் சிரிக்கவில்லை. அது வளர எடுத்த காலத்தையும், தன் மகனின் மீசையையும், கிடைக்காமல் போன பட்டத்தையும் சொன்னார். சிரிப்பு நின்றது. வாளிகள் தாமாகத் தரைக்கு இறங்கின. வண்ணக்கர் என் மாலையை என்ன செய்வதென்று தெரியாமல் தன் தோளிலேயே போட்டுக்கொண்டார்.

"வேற மதிலில இருந்து சுரண்டிக் கொண்டுவந்து ஒட்டித் தாறம் புள்ள" என்றார்.

"ஒட்டாது, மாமா."

அப்போதுதான் ஒரு இளைஞன் தயங்கித் தயங்கி, வாவிப் பக்க மூலையைத் தேய்க்கவில்லை என்று ஒப்புக்கொண்டான். அங்கே குளவிக்கூடு. அவன் குடிக்குப் பிரித்துக் கொடுத்த பங்கு அது. மற்றக் குடிகள் அவனை முறைத்தன. மேகலா ஓடினார். நான் பின்னால் ஓடினேன்.

இருந்தது. கூட்டுக்குக் கீழே, உள்ளங்கை அளவில், அவர் அடையாளமிட்ட திட்டுகளில் ஒன்று. கடைசியில் நான் பார்த்தேன். நடுவில் தடித்த செம்மஞ்சள், அதில் ஊசித்தலை அளவுக் குட்டிக் கிண்ணங்கள், விளிம்பில் சிறு மடல்கள் கல்லை இறுக்கப் பிடித்திருந்தன. வெயில் படும் பக்கம் எரிந்தது. நிழல் பக்கம் சாம்பலாக மங்கியது. மேலே ஒரு நீர்க்காகத்தின் வெள்ளைக் கையெழுத்து. இதை வெற்றிலைத் துப்பலோடு குழப்பியவன் நான். கண்ணாடித்தாளை நான் பிடித்துக்கொள்ள அவர் வரைந்தார். ஒரு குளவி என் வலது காதில் தன் கருத்தைத் தெரிவித்தது. நான் அசையவில்லை. அசைந்திருந்தால் கோடு கோணியிருக்கும். என் அறிவியல் பங்களிப்பு என்று இன்றுவரை அது ஒன்றுதான்.

"ஒண்ட வச்சு ஒண்டும் செய்யேலாது" என்றார் மேகலா, தாளைச் சுருட்டியபடி. பிறகு வெறும் மதிலை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொரு தாளை எடுத்து, வெறுங்கல்மேல் வைத்து, ஒன்றும் வரையாமல் தேதி மட்டும் எழுதினார்.

"இந்த மதில் எப்ப வெறுமையான எண்டு எனக்குச் சரியாத் தெரியும். முதல் ஆள் எப்ப வந்து குந்துறான் எண்டு பாக்கலாம். அது வேற ஆய்வு." குரலில் மகிழ்ச்சி ஒன்றும் இல்லை. தோற்ற கணக்கை முதல் வரியிலிருந்து மறுபடி போடுகிறவரின் பிடிவாதம் இருந்தது. "பட்டம் மறுகா பாப்பம்."

வண்ணக்கர் பின்னால் வந்து நின்றார். "அது கெதியா வர நாங்க என்ன செய்யோணும்?"

"ஒண்டும் செய்யாதீங்க. தேய்க்காதீங்க, பூசாதீங்க. காகம் வந்து குந்தினா விரட்டாதீங்க. அதுட எச்சம் நல்லது."

அதைக் கேட்ட வண்ணக்கரின் கண்ணில் ஒரு ஒளி வந்தது. நான் கிளம்பும்முன் ஏற்பாடு முடிந்துவிட்டது. மதில்மேல் காகத்துக்குச் சோறு வைப்பதற்குக் குடிக்கு ஒரு நாள். எந்தக் குடியின் பக்கத்தில் அதிகக் காகம் உட்காருகிறது என்று போட்டியும் தொடங்கிவிட்டது. வழியனுப்ப வந்த மேகலா அதைச் சொன்னபோதுதான் மூன்று நாளில் முதல்முறையாகச் சிரித்தார். ஒத்துமை ஒரு நாள்தான் நீடித்தது, ஐயா என்றார்.

ஒரு காது பூரி அளவுக்கு உப்பிய நிலையில் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் கடவுச்சீட்டை நீட்டினேன். அதிகாரி படத்தையும் காதையும் மாறி மாறிப் பார்த்து, பெரிய மனதுடன் முத்திரை குத்தினார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பளபளத்த மதில், மேகலாவின் முகம், மணலில் உருண்ட தாள், ஒரு பெண்ணின் இத்தனை வருட உழைப்பு ஒரே பகலில் காணாமல் போனது. அவள் கன்னத்தில் கை வைத்து, கண் இமைக்காமல் கேட்டாள். முடித்ததும் கன்னத்திலிருந்து கையை எடுத்தாள். பிறகு கேட்டாள்:

"அவ்வளவு சுத்தமா வர்ற மாதிரி, எதைப் போட்டுத் தேய்ச்சாங்களாம்?"